கைக்குத் தோதான டார்ச்

ஜவுளிக்கடையில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னால் உபைதுல்லாவுக்கு மூச்சு முட்டிவிடும். மகள் ஹஃப்ஸாவின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன இடத்தில், "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் பச்சைதானே?" என்று கேட்டுக் கடைக்காரரையே வாயடைக்க வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு டார்ச் வாங்குவதற்காக நாகூருக்கும் தஞ்சாவூருக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஹமீதா பானு அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

டார்ச் என்றால் இருட்டில் அடிக்கிற டார்ச் இல்லை. ஆர்கான் வெல்டிங் வைக்கிற டார்ச். படித்தவர்கள் டிக் வெல்டிங் என்பார்கள், ஊரில் ஆர்கான் என்றால்தான் புரியும். வலது கையில் டார்ச்சைப் பேனா மாதிரி பிடித்துக்கொண்டு, இடது கையால் மெல்லிய கம்பியை நெருப்புக்குள் ஊட்டிக்கொண்டே போக வேண்டும். டார்ச்சின் வாலில் பெருவிரல் மொத்தத்துக்கு ஒரு ஹோஸ் மெஷின் வரைக்கும் போகும். கரண்டு, காஸ் எல்லாம் அதன் வழியாகத்தான். கை கொஞ்சம் நடுங்கினாலும் போதும், வெல்டு கோணிக்கொண்டு போய்விடும். ஆகவே டார்ச் கைக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எந்த டார்ச்சும் தோதுப்படவில்லையே, அதற்கு என்ன செய்வது?

ஷார்ஜாவில் ஒரு கப்பல் பட்டறையில் பதினெட்டு வருஷம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்புகளை ஒட்டிவிட்டு வந்தவர் உபைதுல்லா. ராஜினாமா கொடுத்துவிட்டு வரவில்லை, லீவில்தான் வந்திருந்தார். வந்த அன்றைக்கே ஹமீதாவிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்குப் பின்னால ஒரு பட்டறை போடறேன். கை நல்லா வந்துச்சுன்னா இங்கேயே இருந்துடறேன். சரிப்படலைன்னா விசா சாகறதுக்குள்ள திரும்பிப் போயிடுவேன். ஆறு மாசம் டைம் இருக்கு."

அதில் நான்கு மாதத்துக்கு மேல் ஓடிப்போய்விட்டது. ஹமீதாவுக்கு அவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஹஃப்ஸாவைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோவை விட்டால் ஆள் கிடையாது. ஆனாலும் "போகாதீங்க" என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. முன்னெல்லாம் ஒவ்வொரு லீவு முடியும்போதும் சொல்லிப் பார்த்தவள்தான். சொன்னாலும் போனார், சொல்லாவிட்டாலும் போனார். சொல்லி அனுப்பினால் இரண்டு பேருக்கும் முகம் வீங்கியது மிச்சம். அதனால் அந்தச் சொல்லை எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

பட்டறை என்னவோ அழகாகத்தான் அமைந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, காற்று வர ஒரு ஜன்னல், சங்கிலி போட்டுக் கட்டிய ஆர்கான் சிலிண்டர். மெஷினும் நல்ல மெஷின். அதோடு வந்த டார்ச்சை எடுத்து ஒரு துண்டுத் தகட்டில் போட்டுப் பார்த்தார். "உலக்கை மாதிரி இருக்கு" என்றார். மாற்றி வந்தார். அடுத்தது கைப்பிடி ஒல்லியானது. "பிடிக்க நல்லாத்தான் இருக்கு, மணிக்கட்டை இழுக்குது" என்றார். அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கழுத்தை வேண்டிய பக்கம் வளைத்துக்கொள்கிற ரகம் ஒன்றை எடுத்து வந்தார். அது சொன்ன இடத்தில் நிற்கவில்லையாம். ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

"அங்கல்லாம் டார்ச்ச பிடிச்சதே தெரியாது ஹமீதா. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்."

'அங்க' என்ற வார்த்தையைக் கேட்டாலே ஹமீதாவுக்கு ஆகாது. டார்ச்சின் மேல் அவர் சொல்லும் ஒவ்வொரு குறையும் இந்த வீட்டின் மேல் சொல்லும் குறையாகவே அவள் காதில் விழுந்தது.

இந்த லட்சணத்தில் அப்துல் வஹாப் வந்து சேர்ந்தார். தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது வருஷா வருஷம் அவர் பொறுப்பு. இரண்டு ஆட்கள் தூக்கி வந்து முற்றத்தில் இறக்கிய ஸ்டீல் அண்டாவுக்குள் ஒரு ஆளே உட்கார்ந்து குளிக்கலாம்.

"அடி விளிம்புல வெடிச்சிருக்கு பாருங்க. வேற எங்கயும் கொடுக்க மனசில்ல. சாப்பாட்டுப் பாத்திரம், கன்னாபின்னான்னு ஒட்டிடுவாங்க. நீங்க கப்பலுக்கே ஒட்டுனவங்க."

"டார்ச் ஒண்ணு சரியா அமையட்டும் வஹாப் பாய்."

"அமையட்டும், அமையட்டும். பிறை தெரியறதுக்குள்ள அமைஞ்சா சரி" என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

அன்று சாயந்திரம் ஹமீதா தேநீர் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது உபைதுல்லா போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் ஜெக்கரியா. முத்துப்பேட்டைக்காரர், கப்பல் பட்டறையில் இவரோடு கூடவே வேலை பார்த்தவர். லீவில் வரும்போதெல்லாம் சாமான் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவதால், அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுகிற அளவுக்கு ஹமீதாவுக்கும் பழக்கம்.

"சூப்பர்வைசர் என்னைய பத்தி ஏதாவது கேட்டாரா? நான் திரும்பி வர்ற மாதிரி இருந்தா அதே செக்ஷன்ல போடுவாரான்னு சும்மா கேட்டுப் பாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் உபைதுல்லா.

ஹமீதா தேநீரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாழாய்ப்போன ஒரு டார்ச் தன் புருஷனைப் பிடித்து விமானத்தில் ஏற்றப் பார்க்கிறதே என்கிற ஆத்திரம். ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்.

"நாளைக்கு நானும் தஞ்சாவூர் வர்றேன்."

"நீ எதுக்கு? உனக்கு டார்ச்ச பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. கடைய விட்டு வெறுங்கையோட எந்திரிக்க விட மாட்டேன், அது மட்டும் தெரியும்."

காலை பாசஞ்சரில் போனார்கள். திருவாரூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்து பச்சை கட்டியிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த குடியானவர் ஒருவர் இந்தத் தடவை ஆள் கிடைக்காமல் மெஷின் வைத்து நட்ட கதையைச் சொன்னார். நடவு மெஷினில் நாற்றைப் பிடித்து ஊன்றுகிற விரல் உடைந்தால் ஒட்டுவதற்கு ஆள் தேடித் திண்டாட வேண்டியிருக்கிறது என்றார். "பாத்தீங்களா, இங்கயும் வேலை இருக்கு" என்கிற மாதிரி ஹமீதா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரர் பஞ்சநதம் பொறுமைசாலி. இல்லாவிட்டால் மூன்று டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவந்த ஆளைப் பார்த்து, "வாங்க பாய், வாங்க. இன்னைக்கு வீட்ல உள்ளவங்களும் வந்திருக்காங்க, அப்ப முடிஞ்சிரும்" என்று யார் சொல்வார்கள்? ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, அலமாரியில் இருந்ததை எல்லாம் இறக்கினார். பெரியது, சின்னது, தண்ணீர் ஓடிக் குளிர வைக்கிற ரகம், பித்தான் வைத்தது, வைக்காதது என்று மேஜை நிறைந்துவிட்டது.

உபைதுல்லா ஒவ்வொன்றாக எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு காற்றில் ஒரு கோடு இழுத்தார், கீழே வைத்தார். ஹமீதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போட்டோவில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன்னை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதம் சொன்ன மனுஷன் இவர்தானே? வாழ்க்கை பூராவும் கூட வரப்போகிறவளுக்கு ஒரு போட்டோ போதும், ஒரு டார்ச்சுக்குக் கடை பூராவும் வேண்டுமாம்.

"ஹோஸோட மாட்டிக் கொடுங்க பஞ்சநதம். வெறும் கைப்பிடிய பிடிச்சா ஒண்ணும் தெரியல" என்றார்.

பஞ்சநதம் ஒவ்வொன்றிலும் ஹோஸ் மாட்டிக் கொடுத்தார். மாட்டியதும் ஒவ்வொன்றும் கனத்தது. "இதுவும் இழுக்குது" என்று ஒன்றை வைத்தார். "இது அதைவிட மோசம்" என்று இன்னொன்றை வைத்தார். ஹமீதாவுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வெறுங்கையோடு எழுந்திருக்க விட மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தாகிவிட்டது. இன்றைக்கும் அமையாவிட்டால் அப்புறம் டிக்கெட் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கடை குறுகல். அடுத்ததாக மாட்டிய ஹோஸ் ஸ்டூலைச் சுற்றி நடைவழியில் கிடந்தது. உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதில் கால் தடுக்கி விழப் பார்த்தார். ஹமீதா எழுந்து, தரையில் புரளும் முந்தானையை அள்ளுகிற மாதிரி ஹோஸை அள்ளி, தன் முழங்கையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

உபைதுல்லா ஒரு கோடு இழுத்தார். மறுபடியும் ஒன்று இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது! பஞ்சநதம், இது! இத ஏன் நீங்க முன்னாடியே காட்டல?"

பஞ்சநதம் டார்ச்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாய், மணிக்கட்டை இழுக்குதுன்னு நீங்க கொண்டாந்து கொடுத்தீங்களே, அந்த ஒல்லி டார்ச்தான் இது."

"சும்மா இருங்க. அது வேற, இது வேற. என் கைக்குத் தெரியாதா?"

நல்ல வியாபாரி இந்த இடத்தில் வாதாட மாட்டார். பஞ்சநதமும் வாதாடவில்லை. "உங்க கைக்குத் தெரியாதது உண்டா" என்று சொல்லி அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் உபைதுல்லா புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அம்மாபேட்டையில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். ஹமீதாவின் கைராசி என்றார். ஹமீதா கடலையைத் தின்றாலும் மனசுக்குள் ஏதோ நெருடிக்கொண்டே இருந்தது. கடைக்காரர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. புருஷனும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஒரே டார்ச் அன்றைக்குக் கனத்தது, இன்றைக்கு எப்படி லேசாகும்?

மறுநாள் காலை பட்டறையில் மெஷினைப் போட்டு, துண்டுத் தகடு ஒன்றை வைத்து உட்கார்ந்தார். ஹமீதா முற்றத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்குச் சத்தமே இல்லை. பிறகு டார்ச்சை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக வைத்தது போலத் தெரியவில்லை. அலசிய மீனை மூடி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள்.

வெல்டு புழு நெளிந்த மாதிரி இருந்தது. உபைதுல்லா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடையில நல்லா இருந்துச்சு. இங்க வந்ததும் பழைய குருடி கணக்கா ஆயிடுச்சு. எனக்கு இங்க கை வராது ஹமீதா. அண்டாவ வஹாப் பாய்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம். அடுத்த வாரம் டிக்கெட் போட்டுடறேன்."

இத்தனை நாள் ஹமீதா பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தேவிட்டது. வந்துவிட்ட பிறகு பயம் என்னவோ இல்லை. கடையில் அவர் முகம் மலர்ந்ததே, அந்த நிமிஷம் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், தான் எங்கே நின்றோம், தன் கையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். மனசுக்குள் நெருடிக்கொண்டிருந்தது சட்டென்று விளங்கிவிட்டது.

"எந்திரிக்காதீங்க" என்றாள். "இன்னொரு தடவ போடுங்க."

"என்னத்த போடறது?"

"போடுங்கன்னு சொல்றேன்ல."

ஆணியில் மாட்டியிருந்த, முகத்தை முழுக்க மறைக்கிற இன்னொரு வெல்டிங் கண்ணாடியை எடுத்து முக்காட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். தரையில் கிடந்த ஹோஸைத் தூக்கி, கடையில் செய்த மாதிரியே முழங்கையில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். நல்ல கனம். மலைப்பாம்பைத் தோளில் போட்ட மாதிரி இருந்தது. வேண்டா வெறுப்பாக உபைதுல்லா கண்ணாடியை இறக்கினார், பித்தானை அழுத்தினார்.

கறுப்புக் கண்ணாடி வழியாக ஹமீதா அதை முதல்தடவையாகப் பார்த்தாள். சின்னதாக ஒரு நெருப்பு. அதற்கு அடியில் உருகிய இரும்பு ஒரு சொட்டு. இடது கைக் கம்பி அதைத் தொட்டுத் தொட்டு விலக, அந்தச் சொட்டு அடக்க ஒடுக்கமாக நகர்ந்து போயிற்று. நடுக்கம் என்பது பேருக்குக்கூட இல்லை. பதினெட்டு வருஷம் இந்த மனுஷன் செய்தது இதுதானா என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

தகட்டின் பாதி தாண்டியதும், கண்ணாடிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. ரொம்ப இயல்பாக, யோசிக்காமல் வந்தது.

"ஜெக்கரியா, கொஞ்சம் லூஸ் விடு."

ஹமீதாவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. ஆனாலும் ஹோஸைக் கொஞ்சம் லூஸ் விட்டாள். வெல்டு கடைசிவரைக்கும் நேராகப் போய் முடிந்தது.

உபைதுல்லா கண்ணாடியைத் தூக்கினார். வெல்டைப் பார்த்தார். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மெல்லத் திரும்பி அவள் முழங்கையில் தொங்கிய ஹோஸைப் பார்த்தார்.

"அங்க இத ஜெக்கரியா நானாதான் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களா?" என்று கேட்டாள் ஹமீதா.

"ஆமா. அவன் எனக்கு ஹெல்பர்ல."

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்திலேருந்தே."

"இத ஒரு நாளும் நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லையே. அங்க டார்ச் காத்தாட்டம் இருக்கும்னுதானே சொல்லுவீங்க?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? ஹோஸ் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு..."

வேலையா என்று கேட்க வந்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் கையிலிருந்து ஹோஸை வாங்கித் தூக்கிப் பார்த்தார். கீழே விட்டுவிட்டு டார்ச்சை மட்டும் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டு இழுத்தது. மறுபடியும் ஹோஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார். இழுக்கவில்லை. மூன்று டார்ச்சுக்கும் தான் வைத்த பழி அத்தனையும் இந்த ஹோஸுக்குச் சேர வேண்டியது என்று புரிந்ததும் மனுஷனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா அவன் கை நோகும்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார்.

"எப்படித் தோணும்? ஒருத்தங்க ஒழுங்கா பிடிச்சுக்கிட்டு நின்னா கனமே தெரியாது. இந்த வீட்டையும் அப்படித்தான் ஒருத்தி பிடிச்சுக்கிட்டு நின்னா."

சண்டைக்குச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக உள்ளே கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். சொன்ன பிறகு ஹமீதாவுக்கு மனசு லேசாகிவிட்டது. உபைதுல்லா தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து ஷார்ஜாவுக்குப் போட்டார். ஹமீதாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜெக்கரியா, உனக்குத் தோள் வலிக்குமாய்யா?"

"என்ன நானா திடீர்னு? வலது தோள் எப்பவுமே வலிதான். அது பாட்டுக்கு வலிக்கும், நான் பாட்டுக்கு வேலைக்குப் போவேன். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நான் நல்லா வெல்டு வச்சேன்னு சொல்லுவாங்கள்ல, அதுல பாதி நீ வச்சது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இத சொல்றதுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்திச்சா உங்களுக்கு?" என்று ஜெக்கரியா சிரித்தார். "அது இருக்கட்டும். நீங்க கேட்டத சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டேன். அதே செக்ஷன் தர்றேன்னு சொல்றாரு. எப்ப வர்றீங்க?"

ஹமீதா சிலிண்டரின் சங்கிலியைப் பார்த்தபடி நின்றாள். உபைதுல்லா அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"ராத்திரி கூப்பிடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

இருவரும் சேர்ந்து அண்டாவை உருட்டி வந்து மேஜைக்குப் பக்கத்தில் கவிழ்த்தார்கள். வெடித்த விளிம்பைப் பளபளவென்று வரும்வரை அவர் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு பட்டறையில் அங்கும் இங்கும் எதையோ தேட ஆரம்பித்தார்.

"என்னத்த தேடறீங்க?"

"நைலான் கயிறு ஒண்ணு இருந்துச்சே. கூரை பைப்புல கட்டி ஹோஸ தொங்க விட்டுடலாம். நீ எதுக்கு நின்னு கஷ்டப்படணும்?"

"கயிறெல்லாம் நாளைக்குக் கட்டிக்கலாம், உட்காருங்க" என்று ஹமீதா ஹோஸை எடுத்து முழங்கையில் போட்டுக்கொண்டாள். "மீன அலசி மூடி வச்சுட்டுத்தான் வந்தேன். பொறுமையாவே ஒட்டுங்க. நான் எங்கயும் போகப் போறதில்ல."

உபைதுல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டார்ச்சைக் கையில் எடுத்தார்.

"நானும்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.